மரத்தோடு பேசிய தச்சர்

ஒரு கட்டடம் எத்தனை ஆண்டு நிலைத்து நிற்கும்? நாம் குடியிருக்கும் அடுக்குமாடி வீடுகளையும் நாள்தோறும் கடந்துசெல்லும் கடைத்தொகுதிகளையும் எண்ணிப் பாருங்கள். அவற்றுள் சில, ஐம்பது ஆண்டுகளை எட்டுவதற்கு முன்பே இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிய கட்டடம் எழுந்துவிடுகிறது. சிமெண்டும் இரும்பும் கொண்டு கட்டியவற்றின் நிலையே இப்படி என்றால், மரத்தால் கட்டிய கட்டடம் எத்தனை நாள் தாங்கும்?

ஜப்பான் நாட்டின் நாரா மாநிலத்தில் உள்ள ஹோர்யூஜி என்னும் புத்தர் கோயில் இக்கேள்விக்கு வியப்பூட்டும் விடையைத் தருகிறது. அங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரமும் அதன் அருகிலுள்ள பொன் மண்டபமும் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. உலகில் இன்றும் எஞ்சியுள்ள மரக்கட்டடங்களுள் இவையே மிகப் பழைமையானவை எனக் கருதப்படுகின்றன. யுனெஸ்கோ நிறுவனம் 1993ஆம் ஆண்டு இவ்வளாகத்தை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

ஜப்பான் நிலநடுக்கமும் சூறாவளியும் அடிக்கடி தாக்கும் நாடு. அத்தகைய நாட்டில் 32 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள மரக்கோபுரம் எப்படிச் சாயாமல் நின்றது? அதைக் காத்தவர்கள் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், இரு வகை மனிதர்களை நாம் சந்திக்கிறோம். ஒரு வகையினர் அறிஞர்கள்; மற்றொரு வகையினர் கைவினைஞர்கள். அவர்கள் சேர்ந்து உழைத்தார்கள். சில வேளைகளில் கடுமையாக மோதிக்கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் இப்பாடத்தில் காணப்போகிறோம்.

அறிஞர்களின் புதிர்

ஹோர்யூஜி கோயில் 607ஆம் ஆண்டில் இளவரசர் ஷோத்தோக்குவால் நிறுவப்பட்டதாகக் கூறுவர். ஆனால் ஜப்பானின் பழைய வரலாற்று நூல் ஒன்று, 670ஆம் ஆண்டில் ஏற்பட்ட தீயில் அக்கோயில் முழுவதும் எரிந்துபோனதாகக் குறிப்பிடுகிறது. அப்படியானால் இன்று நாம் காணும் கட்டடங்கள் தொடக்கத்தில் கட்டியவையா? அல்லது தீக்குப் பின்னர் மீண்டும் எழுப்பியவையா?

இந்தக் கேள்வி அறிஞர்களை இரு அணிகளாகப் பிரித்தது. 1905ஆம் ஆண்டில் கட்டடக்கலை அறிஞர் செக்கினோ தாதாஷி, கட்டடங்களின் அமைப்பையும் அவற்றில் பயன்பட்ட அளவு முறையையும் ஆராய்ந்து, இவை எரியாமல் நிற்கும் தொடக்ககாலக் கட்டடங்களே என்றார். வரலாற்று அறிஞர் கித்தா சாதாக்கிச்சி அதை மறுத்தார். நூலில் தெளிவாக எழுதப்பட்டுள்ள தீயை இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவருடைய வாதம். ஒருவர் கட்டடத்தை நம்பினார். மற்றவர் ஏட்டை நம்பினார். இவ்விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது.

1939ஆம் ஆண்டு கோயில் வளாகத்தில் நிலத்தைத் தோண்டி ஆராய்ந்தபோது, வேறொரு பழைய கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. முதலில் இருந்த கோயில் அழிந்த பிறகே இன்றுள்ள கோயில் எழுந்தது என்பது அதனால் உறுதிப்பட்டது.

எனினும், புதிர் அத்துடன் தீரவில்லை. 2001ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணில் உள்ள ஆண்டு வளையங்களை ஆராய்ந்தார்கள். அத்தூணுக்கான மரம் 594ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டது எனத் தெரியவந்தது. 670ஆம் ஆண்டுத் தீக்குப் பின்னர் கட்டிய கோபுரத்தில், அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே வெட்டிய மரம் எப்படி வந்தது? பழைய கட்டடம் ஒன்றிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார்களா? வெட்டிய மரத்தைப் பல காலம் சேமித்து வைத்திருந்தார்களா? அறிஞர்கள் இன்றும் இதைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

நூல்கள், அடித்தளங்கள், ஆண்டு வளையங்கள் ஆகியவற்றைக்கொண்டு அறிஞர்கள் கோயிலின் வயதைத் தேடினார்கள். ஆனால் அந்தக் கோயிலைத் தாங்கி நிற்கும் மரங்களைத் தொட்டும் தட்டியும் அறிந்துகொள்ளும் மற்றோர் அறிவும் அதே ஊரில் இருந்தது.

நெல்வயலில் தொடங்கிய பாடம்

ஹோர்யூஜி கோயிலை ஒட்டிய சிற்றூரில் கோயில் தச்சர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. கோயில்களையும் கோபுரங்களையும் கட்டிப் பழுதுபார்ப்பதே அவர்களுடைய தொழில். அத்தகைய குடும்பம் ஒன்றில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் நிஷியோக்கா சுனேகாசு. அவருடைய பாட்டனார் சுனேகிச்சியும் தந்தையும் கோயிலின் தலைமைத் தச்சர்களாக விளங்கியவர்கள்.

பாட்டனார் சிறுவன் சுனேகாசுவைத் தம்முடன் வேலையிடத்துக்கு அழைத்துச் செல்வார். மற்றச் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது, அவன் மட்டும் உளி அடிக்கும் ஓசைக்கு நடுவே அமர்ந்து, பெரியவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது அவனுக்குச் சலிப்பாகவே இருந்தது. ஆயினும், பார்ப்பதே முதல் பாடம் எனப் பாட்டனார் எண்ணினார்.

மேற்படிப்புக்கான காலம் வந்தது. பேரனைத் தொழிற்கல்விப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று தந்தை விரும்பினார். பாட்டனாரோ வேளாண்மைப் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று உறுதியாக நின்றார். தச்சனுக்கு வேளாண்மை எதற்கு? மரம் மண்ணில் வளர்கிறது. மண்ணை அறியாதவன் மரத்தை அறிய மாட்டான். மரத்தை அறியாதவன் கோயில் கட்ட முடியாது. இதுவே பாட்டனாரின் எண்ணம்.

படிப்பு முடிந்ததும் பாட்டனார் பேரனிடம் ஒரு வயலைக் கொடுத்து நெல் பயிரிடச் சொன்னார். பள்ளியில் கற்றபடியே சுனேகாசு உழுதார், உரமிட்டார், களை எடுத்தார். ஆனால் அறுவடை முடிந்து பார்த்தபோது, பள்ளிக்கூடம் போகாத அண்டை உழவர்களின் விளைச்சலைவிட அவருடைய விளைச்சல் குறைவாக இருந்தது. அவர் குழம்பினார். பாட்டனார் காரணத்தை விளக்கினார். மற்ற உழவர்கள் நெல்லைப் பார்த்துப் பயிரிட்டார்கள். நீயோ புத்தகத்தைப் பார்த்துப் பயிரிட்டாய். நெல்லோடு பேசத் தெரிந்தால்தான் அதற்கு என்ன தேவை என்பது புரியும். மரமும் அப்படித்தான். இவ்வாறு அவர் சொன்னது சுனேகாசுவின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

இதனால் அவர் புத்தகங்களை வெறுத்தார் என்று எண்ணிவிடக்கூடாது. பின்னாளில் அவர் அறிஞர்களோடு அமர்ந்து பேசினார், பழைய கட்டடங்களின் வரைபடங்களை வரைந்தார், வரலாற்றைக் கற்றார். ஆனால் ஏட்டில் எழுதியிருப்பதற்கும் கண்முன் உள்ள மரத்துக்கும் வேறுபாடு தோன்றினால், எதை முதலில் கேட்க வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை.

வாய்மொழியாக வந்த விதிகள்

ஹோர்யூஜி தச்சர்கள் தங்கள் தொழில் விதிகளை வாய்மொழியாகவே அடுத்த தலைமுறைக்குச் சொல்லி வந்தார்கள். தலைமைத் தச்சராக வரத் தகுதியுடையவருக்கு மட்டுமே அவை சொல்லப்பட்டன. சுனேகாசு தம் பாட்டனாரிடமிருந்து அவற்றைப் பெற்றார்.

அவற்றுள் ஒரு விதி, கோயில் கட்டுவதற்குத் தனித்தனி மரங்களை வாங்காமல் ஒரு மலையில் வளர்ந்த மரங்களை மொத்தமாக வாங்க வேண்டும் என்கிறது. தச்சர் அம்மலைக்கு நேரில் செல்ல வேண்டும். அங்குள்ள மண் எப்படிப்பட்டது, காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, வெயில் எங்கே விழுகிறது என்பவற்றைப் பார்க்க வேண்டும். ஓயாமல் ஒரு பக்கமாகக் காற்று வீசும் சரிவில் வளரும் மரம், அக்காற்றை எதிர்த்து முறுக்கிக்கொண்டு வளர்கிறது. வெட்டி அறுத்த பிறகும் அந்த முறுக்கு அதைவிட்டுப் போவதில்லை.

இரண்டாவது விதி, மரம் மலையில் நின்ற திசையிலேயே கட்டடத்திலும் நிற்க வேண்டும் என்பது. தென்புறம் வளர்ந்த மரத்தைத் தென்புறத் தூணாகவும் வடபுறம் வளர்ந்த மரத்தை வடபுறத் தூணாகவும் நாட்ட வேண்டும். வெயில் படும் தென்பக்கத்தில் கிளைகள் மிகுதியாகத் தோன்றும். எனவே அப்பக்கத்தில் கணுக்களும் மிகுதியாக இருக்கும். பழைய கோயில்களின் தூண்களில் தென்முகத்தில் கணுக்கள் நிறைந்திருப்பதை நிஷியோக்கா சுட்டிக்காட்டினார். அழகுக்காகக் கணுவில்லாத பக்கத்தை முன்னே திருப்பி வைக்கும் வழக்கம் பிற்காலத்தில் வந்ததே.

மூன்றாவது விதி இன்னும் நுட்பமானது. வலப்பக்கம் முறுக்கும் மரத்தையும் இடப்பக்கம் முறுக்கும் மரத்தையும் இணைத்துக் கட்டினால், ஒன்றின் விசை மற்றொன்றைத் தடுத்து நிறுத்தும். மரங்களின் குணமறிந்து அவற்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு முதலில் தொழிலாளர்களின் குணமறிந்து அவர்களின் மனங்களைச் சேர்க்க வேண்டும். வளைந்த மரத்தை வீணென்று தள்ளுபவர் நல்ல தலைமைத் தச்சர் ஆகார். மனிதர்களுக்கும் இது பொருந்தும் அல்லவா?

ஹோர்யூஜி கோயில் ஹினோக்கி என்னும் மரத்தால் கட்டப்பட்டது. இது சைப்ரஸ் இனத்தைச் சேர்ந்தது, நறுமணம் உடையது. ஆயிரம் ஆண்டு வளர்ந்த ஹினோக்கி, கட்டடமாக மாறிய பின்னும் ஆயிரம் ஆண்டு வாழும் என்று தச்சர்கள் நம்பினார்கள். இந்நம்பிக்கையை அறிவியலும் பெரும்பாலும் ஆதரித்தது. வெட்டிய ஹினோக்கியின் வலிமை முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கூடிக்கொண்டே சென்று, பின்னர் மிக மெதுவாகக் குறைகிறது என்பதை மர ஆய்வாளர் கோஹாரா ஜிரோ தம் சோதனைகள் வாயிலாகக் காட்டினார்.

தீயிலிருந்து பிறந்த சட்டம்

1934ஆம் ஆண்டு ஹோர்யூஜியின் பெரும் பழுதுபார்ப்புப் பணி தொடங்கியது. பழுதுபார்ப்பு என்றால் ஓட்டைகளை அடைப்பது மட்டும் அன்று. கட்டடத்தை ஒவ்வொரு மரமாகப் பிரித்து, உளுத்துப்போன பகுதியை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் புதிய மரத்தைப் பொருத்தி, மீண்டும் முன்போலவே அடுக்குவதாகும். அவ்வாறு பிரிக்கும்போது பழைய ஆணித் துளைகளும் உளித் தழும்புகளும் வெளிப்படும். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் எந்தப் பகுதி எப்படி இருந்தது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். தச்சர்கள் அவற்றைப் படித்தார்கள். அறிஞர்கள் அவற்றைப் பதிவு செய்தார்கள்.

இப்பணிக்கிடையே போர் வந்தது. நிஷியோக்கா படையில் சேர்க்கப்பட்டு வெளிநாடு சென்று திரும்பினார். பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1949ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அதிகாலையில் பொன் மண்டபத்தில் தீப்பற்றியது. மண்டபச் சுவர்களில் இருந்த பன்னிரண்டு பெரிய ஓவியங்கள் கருகின. அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஓவியங்கள். நல்வேளையாக, மண்டபத்தின் மேல்தளம் பழுதுபார்ப்புக்காக முன்னரே பிரிக்கப்பட்டிருந்ததால் அம்மரங்கள் தப்பின.

இழப்பு ஜப்பானியர்களை உலுக்கியது. அதன் விளைவாக, 1950ஆம் ஆண்டு பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடம், ஓவியம், சிலை போன்ற பொருள்களை மட்டுமல்லாமல், மட்பாண்டம் வனைதல், துணி நெய்தல், அரக்கு வேலை முதலிய கைத்திறன்களையும் நாட்டின் சொத்தாக அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. அத்திறன்களில் தேர்ந்தவர்களை மக்கள் ‘வாழும் தேசியச் செல்வங்கள்’ என்று அழைக்கிறார்கள். ஜனவரி 26ஆம் நாள் இன்றும் அந்நாட்டில் பண்பாட்டுச் சொத்துகளுக்கான தீத்தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

எரிந்த ஓவியங்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1935ஆம் ஆண்டிலேயே கியோத்தோ நகர அச்சகம் ஒன்று அவற்றை முழு அளவில் நிழற்படம் எடுத்து வைத்திருந்தது. அப்படங்களின் துணையோடு 1967, 1968ஆம் ஆண்டுகளில் ஓவியர்கள் அவற்றைப் புதிதாகத் தீட்டி மண்டபச் சுவர்களில் பொருத்தினார்கள். ஒருவர் கவனத்தோடு செய்துவைத்த பதிவு, இன்னொரு தலைமுறைக்கு எவ்வளவு பெரிய கொடை என்பதை இது காட்டுகிறது.

இரும்பா, மரமா?

ஹோர்யூஜிக்கு அருகில் ஹோரின்ஜி என்னும் கோயில் உள்ளது. அதன் மூவடுக்குக் கோபுரம் 1944ஆம் ஆண்டு இடி விழுந்து எரிந்துபோனது. அதை மீண்டும் கட்டும் பணிக்குப் பணம் போதவில்லை. எழுத்தாளர் கோடா ஆயா என்னும் அம்மையார் ஊர் ஊராகப் பேசி நன்கொடை திரட்ட உதவினார். கோபுரத்தைக் கட்டும் பொறுப்பு நிஷியோக்காவிடம் வந்தது. வடிவமைப்பை வகுத்தவர் கட்டடக்கலை அறிஞர் தாக்கேஷிமா தாக்குயிச்சி. இருவரும் ஹோர்யூஜிப் பணியால் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தவர்கள். ஒருவரை ஒருவர் மதித்தவர்கள். ஆனால் இங்கே அவர்கள் மோதிக்கொண்டார்கள்.

கோபுரத்துக்கு இரும்பால் வலுவூட்ட வேண்டும் என்றார் அறிஞர். பழைய மரக்கட்டடங்கள் பலவற்றில் காலப்போக்கில் கூரை தொங்கியதையும் மரங்கள் விலகியதையும் அவர் பார்த்திருந்தார். சூறாவளியும் நிலநடுக்கமும் எந்த நேரமும் வரலாம். கட்டடம் சரிந்தால் உயிர்கள் போகும். நம் காலத்து அறிவு தரும் பாதுகாப்பை ஏன் ஒதுக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது.

தச்சரோ இரும்பு வேண்டாம் என்றார். இரும்பைப் பொருத்துவதற்கு மரத்தில் துளையிட வேண்டும். துளையிட்டால் மரம் வலுவிழக்கும். நல்ல ஹினோக்கி ஆயிரம் ஆண்டு நிற்கும். அதில் செலுத்திய இரும்போ அதற்கு வெகு முன்னரே துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். ஹோர்யூஜி கோபுரம் 1,300 ஆண்டுகளாக நிற்கிறதே, அதைவிடப் பெரிய சான்று எது என்று அவர் கேட்டார். இக்கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

உண்மையில் மரக்கோபுரம் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்குக் காரணம், அது விறைப்பாக நிற்காமையே. அதன் மரங்கள் பொருத்துவாய்களால் ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டுள்ளன. நிலம் ஆடும்போது அப்பொருத்துகள் சற்றே அசைந்து கொடுக்கின்றன. நடுத்தூண் அடுக்குகளோடு இறுகப் பிணைக்கப்படாமல் தனித்து நிற்கிறது. வளைந்து கொடுக்கும் நாணல் புயலில் முறியாததைப் போல, கோபுரமும் ஆடி அசைந்து மீண்டும் நிலைபெறுகிறது.

ஹோரின்ஜி கோபுரம் 1975ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் விவாதம் முடியவில்லை. நாரா நகரின் யாக்குஷிஜி கோயிலில் அது மீண்டும் தலையெடுத்தது. 1528ஆம் ஆண்டு நடந்த போரில் அக்கோயிலின் பொன் மண்டபமும் மேற்குக் கோபுரமும் எரிந்து போயிருந்தன. 730ஆம் ஆண்டைச் சேர்ந்த கிழக்குக் கோபுரம் எரியாமல் எஞ்சியிருந்தது. கோயிலின் தலைமைத் துறவி தாக்காதா கோயின், புத்த மறையைக் கையால் படியெடுத்துக் காணிக்கை செலுத்துமாறு பொதுமக்களை வேண்டினார். பத்து இலட்சம் படிகள் சேர வேண்டும் என்பது இலக்கு. மக்கள் அளித்த சிறு சிறு காணிக்கைகளால் பொன் மண்டபம் 1976ஆம் ஆண்டு மீண்டும் எழுந்தது.

அம்மண்டபத்தின் உட்பகுதி, தொன்மையான சிலைகளைத் தீயிலிருந்து காப்பதற்காக, இரும்புக் கம்பிகள் பொதிந்த சிமெண்டினால் கட்டப்பட்டது. நிஷியோக்கா இதை விரும்பவில்லை. சிமெண்டின் ஆயுள் நூறாண்டு என்றால், அதைச் சுற்றியுள்ள ஆயிரம் ஆண்டு மரங்களின் கதி என்ன என்று அவர் கேட்டார். ஆனால் ஹோர்யூஜியில் ஓவியங்கள் கருகியதை மறக்க முடியாதவர்களுக்குச் சிலைகளின் பாதுகாப்பே பெரிதாகத் தெரிந்தது. இம்முறை தச்சர் விட்டுக்கொடுத்தார்.

பழைய கருவி, புதிய கோபுரம்

அடுத்துக் கட்டப்பட்ட மேற்குக் கோபுரம் 1981ஆம் ஆண்டு நிறைவுற்றது. ஆயிரம் ஆண்டு வயதுடைய ஹினோக்கி மரங்கள் ஜப்பானில் தேவையான அளவு கிடைக்கவில்லை. எனவே தைவான் மலைகளிலிருந்து முதுமரங்கள் கொண்டுவரப்பட்டன.

பழைய தூண்களின் மேற்பரப்பில் நீண்ட தழும்புகளை நிஷியோக்கா கண்டிருந்தார். இன்றைய இழைப்புளி அத்தகைய தழும்பை உண்டாக்காது. நீண்ட கைப்பிடியில் ஈட்டிமுனை போன்ற அலகு பொருத்திய ‘யாரிகன்னா’ என்னும் பழங்கருவியே அதை உண்டாக்கியது. ஆனால் அக்கருவி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்து போயிருந்தது. பழைய சான்றுகளைத் தேடி அதன் வடிவத்தை அவர் மீட்டெடுத்தார். வாள் செய்யும் கொல்லர் ஒருவர், ஹோர்யூஜியின் பழைய ஆணிகளிலிருந்து கிடைத்த இரும்பைக்கொண்டு அதை வார்ப்பிக்காமல் அடித்தே உருவாக்கிக் கொடுத்தார். அதனால் சீவிய மரத்தின் மேல் மழைநீர் தங்காமல் வழிந்தோடுகிறது. மரம் எளிதில் உளுப்பதில்லை.

கோபுரத்துக்கான ஆணிகளும் பழைய முறைப்படியே தூய இரும்பிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துச் செய்யப்பட்டன. இரும்பை எதிர்த்த தச்சர் ஆணிகளை ஏற்றுக்கொண்டது முரண்பாடாகத் தோன்றலாம். அவர் வெறுத்தது இரும்பை அன்று. மரத்தோடு சேர்ந்து முதுமை அடையாத இரும்பையே. பழங்கால ஆணிகள் பல நூற்றாண்டுக்குப் பின்னரும் உறுதி குலையாமல் இருந்ததை அவர் தம் கையால் பிடுங்கிப் பார்த்திருந்தார்.

மேற்குக் கோபுரத்தைக் கிழக்குக் கோபுரத்தைவிட ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரமாக அவர் கட்டினார். இது கணக்குப் பிழையா? இல்லை. புதிய மரம் காலப்போக்கில் சுருங்கும். கூரையின் சுமையால் பொருத்துகள் அமுங்கும். அடித்தளமும் சற்றே இறங்கும். பல நூறு ஆண்டுகள் கழிந்த பின்னர் இரு கோபுரங்களும் ஒரே உயரத்தில் நிற்கும் என்று அவர் கணக்கிட்டார். தாம் காணப்போகாத ஒரு நாளுக்காக அவர் அளந்து கட்டினார்.

ஒரு சீவலை நோக்கிய பயிற்சி

கோயில் தச்சர் வாழ்க்கை வளமானது அன்று. சாதாரண வீடு கட்டினால் பணத்தின்மேல் ஆசை வரும், வேலையின் தரம் குறையும் என்று எண்ணிய நிஷியோக்கா, கோயில் வேலை இல்லாத காலத்தில் பயிர்த்தொழில் செய்து பிழைத்தார். வறுமையில் நிலத்தையும் விற்றார். அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் சென்றார்கள். பல தலைமுறையாக வந்த அறிவு அவரோடு முடிந்துவிடுமோ என்ற நிலை உருவானது.

அந்நேரத்தில் ஒகாவா மிட்சுவோ என்னும் இளைஞர் வந்தார். உயர்நிலைப் பள்ளிச் சுற்றுலாவின்போது ஹோர்யூஜி கோபுரத்தைக் கண்டு, இத்தகைய ஒன்றைக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர். அவர் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். வேலை இல்லை என்று நிஷியோக்கா முதலில் அவரைத் திருப்பி அனுப்பினார். ஒகாவா வேறு இடங்களில் பயின்றுகொண்டே காத்திருந்தார். 1969ஆம் ஆண்டு அவர் சீடராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

முதல் ஆண்டு அவருக்குக் கிடைத்த வேலை கருவிகளைத் தீட்டுவது. தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள் எதையும் நாடாமல் தீட்டுவதிலேயே மனத்தைச் செலுத்துமாறு குரு கூறிவிட்டார். எப்படித் தீட்டுவது என்று அவர் விளக்கவில்லை. ஒருநாள் தாமே இழைப்புளியை எடுத்து ஒரு மரத்தை இழைத்து, மெல்லிய சீவல் ஒன்றைச் சீடரிடம் கொடுத்தார். ஒகாவா அதைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டார். அதைப் போன்ற சீவல் தம் இழைப்புளியிலிருந்தும் வரும்வரை நாள்தோறும் தீட்டினார், இழைத்தார், ஒப்பிட்டுப் பார்த்தார்.

1977ஆம் ஆண்டு ஒகாவா தமக்கென ஒரு பட்டறையைத் தொடங்கினார். சீடர்கள் ஒன்றாகத் தங்கி, சமைத்து, பெருக்கி, கருவி தீட்டித் தொழில் கற்கிறார்கள். குரு மட்டுமே அறிந்திருந்த வாய்மொழி விதிகளும் இப்போது மறைபொருளாக இல்லை. நிஷியோக்காவே அவற்றைப் பலரிடமும் எடுத்துச் சொல்லி நூல்களில் பதிவு செய்ய இசைந்தார். ஏட்டறிவின் எல்லையைச் சுட்டிக்காட்டிய தச்சர், தம் அறிவைக் காக்க ஏட்டின் துணையை நாடினார்.

நிஷியோக்கா 1995ஆம் ஆண்டு மறைந்தார். யாக்குஷிஜியின் பழைய கிழக்குக் கோபுரம் 2009ஆம் ஆண்டு முதல் பிரித்துப் பழுதுபார்க்கப்பட்டு, 2020ஆம் ஆண்டில் அப்பணி நிறைவெய்தியது. அதே ஆண்டு, ஜப்பானிய மரக்கட்டடங்களைப் பாதுகாக்கும் மரபுத்திறன்களை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. தச்சு வேலையோடு ஓடு வேய்தல், சுவர் பூசுதல், அரக்குப் பூசுதல் முதலிய 17 திறன்கள் அதில் அடங்கும்.

அறிஞரும் கைவினைஞரும் இன்றி ஹோர்யூஜி நின்றிருக்காது. அறிஞர் இல்லையேல் அதன் வயதும் வரலாறும் நமக்குத் தெரியாமல் போயிருக்கும். கைவினைஞர் இல்லையேல் ஆராய்வதற்குக் கோயிலே இருந்திருக்காது. அவர்களிடையே எழுந்த வாதத்துக்கு யாரும் இறுதித் தீர்ப்புச் சொல்லவில்லை. அதைச் சொல்லப்போவது காலம்.

ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டினால், அதை ஆயிரம் ஆண்டு நிற்குமாறு கட்ட வேண்டும் என்பார் நிஷியோக்கா. அப்போதுதான் அம்மரத்தின் இடத்தில் இன்று நடும் கன்று, அடுத்த கோயிலுக்கு ஏற்ற மரமாக வளர்ந்திருக்கும். இன்று கன்று நடுபவர் அக்கோயிலைக் காணப்போவதில்லை. இருந்தாலும் யாரேனும் ஒருவர் நட்டாக வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

இழைப்புளி – மரத்தின் மேற்பரப்பைச் சீவி வழவழப்பாக்கும் கருவி
ஆண்டு வளையம் – மரத்தின் குறுக்குவெட்டில் ஒவ்வோர் ஆண்டு வளர்ச்சியையும் காட்டும் வட்டக் கோடு
கணு – கிளை தோன்றிய இடத்தில் மரத்தில் காணப்படும் முடிச்சு
பொருத்துவாய் – இரு மரங்கள் ஒன்றோடு ஒன்று இணையும்படி செதுக்கிய பகுதி
வழக்கொழிதல் – பயன்பாட்டிலிருந்து மறைதல்

சிந்தித்து விடையளிக்க

1. நெல் பயிரிட்ட அனுபவத்திலிருந்து சுனேகாசு கற்றுக்கொண்டது என்ன?
2. ‘மரங்களின் குணமறிந்து சேர்க்க வேண்டும்’ என்னும் விதியை ஒரு குழுவை வழிநடத்தும் தலைவருக்கு எவ்வாறு பொருத்திக் காட்டுவீர்?
3. மேற்குக் கோபுரம் சற்று உயரமாகக் கட்டப்பட்டதற்கான காரணத்தை உம் சொந்த நடையில் விளக்குக.
4. சிலைகளைக் காக்கச் சிமெண்டைப் பயன்படுத்தியது சரியா? இரு தரப்பு வாதங்களையும் எடுத்துக்கூறி, உம் கருத்தை 150 சொற்களில் எழுதுக.
5. உம் குடும்பத்தில் அல்லது வட்டாரத்தில் மறைந்துவரும் கைத்தொழில் ஒன்றைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் கேட்டறிந்து, வகுப்பில் பகிர்ந்துகொள்க.